ஒரே ஆர்டர் இரண்டு தடவை விழாமல் ரீட்ரை எழுதுவது எப்படி

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் கடைக்கோ பட்டறைக்கோ ஆர்டர் ஆப் எழுதுகிறவர்கள் முதலில் அந்தக் கட்டடத்தின் சுவரைப் பார்க்க வேண்டும். பழைய செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் கனமானவை. முகப்பில் நன்றாக இருக்கும் சிக்னல், வளவில் வானம் திறந்திருப்பதால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இரண்டாங்கட்டு அறைக்குள் போனதும் அறுந்துவிடும். நாலடி நகர்ந்தால் திரும்ப வரும். இப்படி நொடிக்கணக்கில் போய்வரும் இணைப்புக்குத்தான் ரீட்ரை, அதாவது தவறிய ரெக்வெஸ்ட்டை (சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையை) திரும்ப அனுப்பும் ஏற்பாடு, வேண்டும்.

ஆனால் தவறியதையெல்லாம் திரும்ப அனுப்பும் ஒரு லூப்பை எழுதிவிட்டுப் போவது ஆபத்து. ஆத்தங்குடி கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, ஒவ்வொன்றாக வார்ப்பது. 500 கல்லுக்கான ஆர்டர் சர்வரில் ஏறிவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது; ஆப் அதையே மறுபடி அனுப்பினால் பட்டறையில் 1000 கல் வார்ப்பார்கள். கேட்ட நிறத்தில், கேட்ட பூவில் வார்த்த கல்லை வேறு யார் வாங்குவார்கள்?

அதனால் முதல் வேலை, ரெக்வெஸ்ட்டுகளை இரண்டாகப் பிரிப்பது. விலைப்பட்டியல், இருப்பு, ஆர்டர் நிலை இவற்றையெல்லாம் எச்டிடிபியின் ‘கெட்’ முறையில் படிக்கிறோம். எத்தனை தடவை கேட்டாலும் எதுவும் மாறாது. மாற்றும் ‘புட்’, அழிக்கும் ‘டெலீட்’ முறைகள் விதிப்படி எழுதப்பட்டிருந்தால், எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரு தடவை அனுப்பிய விளைவுதான். புதிதாக ஒன்றை உருவாக்கும் ‘போஸ்ட்’ அப்படியல்ல. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும், கீழே வருகிறது.

அடுத்து, எது தோல்வி என்று முடிவு செய்யுங்கள். பிரவுசரில் ரெக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச் ஃபங்ஷன், சர்வர் 500 (சர்வருக்குள் கோளாறு) என்று பதில் சொன்னாலும் அதைப் பிழையாக எறியாது. ரெஸ்பான்ஸின் ‘ஓகே’ மதிப்பை நீங்களே பார்க்க வேண்டும். இணைப்பே கிடைக்காதபோது டைப்எரர் என்ற பிழை வரும். 408, 429, 502, 503, 504 என்ற நிலை எண்கள் பெரும்பாலும் தற்காலிகத் தடங்கல்; வந்தால் திரும்ப முயலலாம். 500 வந்தால் படிக்கும் ரெக்வெஸ்ட்டுக்கு மட்டும் முயலுங்கள். 400, 401, 403, 404, 422 வந்தால் நிறுத்துங்கள். அதே தவறை நாலு தடவை அனுப்பினாலும் அதே பதில்தான். 401 என்றால் மட்டும் உள்நுழைவு டோக்கனைப் புதுப்பித்து ஒரே ஒரு தடவை அனுப்பிப் பார்க்கலாம்.

ஃபெட்சில் நாம் வைக்காவிட்டால் டைம்அவுட் கிடையாது. அரைகுறைச் சிக்னலில் அது நிமிடக்கணக்கில் தொங்கும், ரீட்ரைக்கு வாய்ப்பே வராது. ரெக்வெஸ்ட்டை ரத்து செய்ய உதவும் அபார்ட்சிக்னலின் டைம்அவுட் வசதியால் ஒரு முயற்சிக்கு 8 நொடி கொடுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய அபார்ட்சிக்னல் உருவாக்க வேண்டும். ஒரு தடவை காலாவதியான அபார்ட்சிக்னலையே மறுபடி கொடுத்தால் அடுத்த முயற்சி கிளம்பும் முன்பே ரத்தாகும். பலர் தடுக்கி விழும் இடம் இது. பயனர் தானே பக்கத்தை விட்டுப் போனதால் வரும் அபார்ட்எரரை ரீட்ரை செய்யாதீர்கள். டைம்அவுட்எரரை மட்டும் செய்யுங்கள்.

எவ்வளவு இடைவெளி விடுவது? அடிப்படை 500 மில்லிநொடி. ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பு. முதல் தோல்விக்குப் பின் உச்சவரம்பு 500, அடுத்து 1000, அடுத்து 2000. அந்த வரம்பை அப்படியே காத்திருக்காமல், பூஜ்யத்துக்கும் வரம்புக்கும் இடையே ஒரு ரேண்டம் எண்ணை எடுத்துக் காத்திருங்கள். இதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள், இதை விட்டுவிடவே கூடாது. கரண்ட் போய் வந்ததும் கடையின் ரவுட்டர் உயிர்பெறும். எல்லா டேப்லெட்டும் ஒரே கணத்தில் இணையும். ஜிட்டர் இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து கேட்கும், சேர்ந்து தோற்கும், சரியாக அரை நொடி கழித்து மறுபடி சேர்ந்து கேட்கும். அப்போதுதான் எழுந்து நிற்கும் சர்வரை அது மறுபடி சாய்த்துவிடும்.

முதல் முயற்சியோடு சேர்த்து மொத்தம் 4 போதும். எல்லாம் சேர்ந்து 25 நொடிக்குள் முடியும்படி ஒரு மொத்தக் கெடுவும் வையுங்கள். எண்ணிக்கை மிச்சமிருந்தாலும் கெடு முடிந்தால் நிறுத்திவிட வேண்டும். ரீட்ரையை ஒரே அடுக்கில் மட்டும் எழுதுங்கள். பிரவுசர், நடுவில் இருக்கும் கேட்வே, பின்னால் இருக்கும் சர்வீஸ் என மூன்றும் மும்மூன்று முறை முயன்றால், ஒரு பட்டன் அழுத்தம் டேட்டாபேஸில் 27 அழைப்பாகப் போய் இறங்கும்.

429, 503 பதில்களோடு, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் (பதிலின் தலைப்பில் வரும் குறிப்பு) வந்தால் நம் கணக்கை விட்டுவிட்டு அதற்குக் கட்டுப்படுங்கள். அது நொடிகளாகவும் வரலாம், தேதியாகவும் வரலாம். இரண்டையும் படிக்கத் தெரிய வேண்டும். சர்வர் வேறு டொமைனில் இருந்தால் இந்த ஹெடர் ஜாவாஸ்கிரிப்ட்டின் கண்ணுக்கே படாது. சர்வர் பக்கம் அக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் பட்டியலில் அதைச் சேர்த்தாக வேண்டும்.

இப்போது போஸ்ட். பயனர் ஆர்டரை உறுதி செய்யும் கணத்தில் பிரவுசரில் உள்ள கிரிப்டோவின் ரேண்டம்-யூயூஐடியால் அந்த ஆர்டருக்கு மட்டுமான ஒரு சாவி (அடையாளக் குறி) உருவாக்கி, ஐடெம்போட்டன்சி-கீ என்ற ஹெடரில் அனுப்புங்கள். எச்டிடிபிஎஸ் பக்கத்திலோ லோக்கல்ஹோஸ்ட்டிலோதான் அந்த வசதி இயங்கும். சாவி லூப்புக்கு வெளியே பிறக்க வேண்டும். உள்ளே உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சியும் புது ஆர்டராகிவிடும். வைத்த பயனே இல்லை. பக்கத்தை ரீலோட் செய்தாலும் தொலையாமலிருக்க, ஆர்டரோடு சேர்த்து, பிரவுசருக்குள் இருக்கும் சேமிப்பான இன்டெக்ஸ்டுடிபியில் வைத்து, உறுதியான பதில் வந்த பிறகே அழியுங்கள்.

சர்வர் அந்தச் சாவியை யூனிக் கட்டுப்பாடுள்ள (ஒரே மதிப்பை இரண்டாம் முறை ஏற்காத) நெடுவரிசையில், ஆர்டரைப் பதியும் அதே டிரான்சாக்‌ஷனில் (எல்லாம் சேர்ந்து பதியும், இல்லையென்றால் எதுவும் பதியாது) பதிய வேண்டும். ‘முன்பே இருக்கிறதா’ என்று முதலில் தேடிவிட்டுப் பிறகு பதிவது போதாது. இரண்டு ரெக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்று கண்டு இரண்டுமே பதிந்துவிடும். அதே சாவி மறுபடி வந்தால் முதலில் கொடுத்த பதிலையே எடுத்துக் கொடுங்கள். சாவி அதே, ஆர்டர் விவரம் வேறு என்றால் 422 கொடுத்து மறுத்துவிடுங்கள். யூபிஐ மாதிரிப் பணம் போகும் இடத்தில் இன்னும் கவனம் தேவை: பதில் வராவிட்டால் பணத்தை மறுபடி கேட்காமல், முந்தைய பரிவர்த்தனையின் நிலையை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

சர்வர் வேறு டொமைனில் இருந்து, ஐடெம்போட்டன்சி-கீ ஹெடரை அதன் அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஹெடர்ஸ் பட்டியலில் சேர்க்க மறந்தால், பிரவுசர் ரெக்வெஸ்ட்டுக்கு முன் செய்யும் அனுமதிச் சோதனையிலேயே தடுத்து டைப்எரர் தரும். நம் புரோகிராமுக்கு அது சிக்னல் போனது போலவே தெரியும். சிக்னல் முழுசாக இருந்தும் எல்லா முயற்சியும் தோற்றால் பிரவுசர் கன்சோலில் கார்ஸ் (வேறு டொமைன் அனுமதி) பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

இணைப்பு இருக்கிறதா என்று பிரவுசர் சொல்லும் நேவிகேட்டரின் ஆன்லைன் மதிப்பை முழுக்க நம்ப வேண்டாம். ‘ஆஃப்லைன்’ என்றால் நம்பலாம். ‘ஆன்லைன்’ என்றால் வைஃபை மாதிரி ஏதோ ஒரு நெட்வொர்க்கோடு ஒட்டியிருக்கிறது என்பதுவரைதான் உறுதி.

டான்ஸ்டாக் குவெரி, ஆக்சியோஸ்-ரீட்ரை மாதிரி ஆயத்த லைப்ரரிகள் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: டான்ஸ்டாக் குவெரியில் படிக்கும் குவெரிகளை அது தானாகவே 3 முறை ரீட்ரை செய்யும், நீங்கள் எறியும் 404 பிழை உட்பட. எழுதும், மாற்றும் மியூட்டேஷன்களைச் செய்யாது. ஆக்சியோஸ்-ரீட்ரை 3 முறை முயலும், ஆனால் இடைவெளி விடாது. பேக்ஆஃபை (மேலே சொன்ன இரட்டிக்கும் இடைவெளியை) நீங்கள்தான் இயக்க வேண்டும்.

திரையில் இரண்டாவது முயற்சிவரை எதுவும் காட்ட வேண்டாம். மூன்றாவதில் ‘இணைப்பு மெதுவாக உள்ளது, மீண்டும் முயல்கிறோம்’ என்று காட்டுங்கள். எல்லாம் தோற்றால் ‘ஆர்டர் இந்தச் சாதனத்தில் பத்திரமாக உள்ளது, இன்னும் உறுதியாகவில்லை’ என்று சொல்லி, அதே சாவியோடு அனுப்பும் பட்டன் ஒன்றைக் கொடுங்கள். ‘தோல்வி’ என்று மட்டும் போட்டால் கணக்குப்பிள்ளை புது ஆர்டரைத் தட்டிவிடுவார்.

சோதிக்கும்போது சர்வரை இரண்டு முறை 503, மூன்றாம் முறை 200 கொடுக்கச் செய்யுங்கள். அது சுலபமான சோதனை. கட்டாயம் செய்ய வேண்டியது வேறு: ஆர்டரை டேட்டாபேஸில் பதிந்துவிட்டு, பதில் அனுப்பாமல் சர்வர் இணைப்பை அறுக்கட்டும். ஆப் திரும்ப அனுப்பி முடித்த பிறகு டேபிளைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும்.