தோற்றத்தைத் தாண்டும் காதல் கதை: முதல் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுவது எப்படி?

போன வருடம் பன்னிரண்டு நிமிடக் காதல் நகைச்சுவை ஒன்றுக்குத் திரைக்கதை எழுதினேன். ஆளின் தோற்றத்தைப் பார்த்து எடை போடும் பழக்கத்தைப் பற்றிய கதை. மூன்று பிரதிகளைத் தூக்கிப்போட்டு நான்காவதைத்தான் படமாக்கினோம். அந்த மூன்றும் ஏன் சரிப்படவில்லை என்று புரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரத்தில் புரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். காட்சி, ஷாட், வசனம் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு என் கதையையே வைத்துக்கொள்வோம். முருகேசன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்க விளம்பரம் ஓட்டுபவன். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல்போன எருமை, எதுவானாலும் ஒரே பெண் குரல்தான். நாள் முழுக்க அந்தக் குரலோடு சுற்றிச் சுற்றி அதன்மேல் காதலாகிவிடுகிறான். குரலுக்குச் சொந்தக்காரி மல்லிகா. ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையில் வேலை. பருமனான பெண்.

படி 1: ஒரு வரிக் கதையில் எழுவாய் யார்?

முதலில் நான் எழுதிய வரி இது: "குண்டான ஒரு பெண்ணை ஒருவன் மனதார ஏற்றுக்கொள்கிறான்." இந்த 'ஏற்றுக்கொள்கிறான்' வந்தாலே கதை கெட்டுவிட்டது. அவன் கொடுப்பவன், அவள் வாங்குபவள் என்று ஆகிவிடுகிறது. பிறகு எத்தனை அழகான காட்சி எழுதினாலும் இந்த வாடை போகாது.

மாற்றி எழுதியது: "குரலைக் கேட்டு மனதுக்குள் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தவன், அந்த முகத்தைத் தூக்கிப்போடக் கற்றுக்கொள்கிறான்." இப்போது கோளாறு இருப்பது பார்க்கிறவனிடம். மாற வேண்டியதும் அவன்தான். உங்கள் கதை நிறம், உயரம், வழுக்கை, வெண்புள்ளி என்று எதைப் பற்றியதாக இருந்தாலும் இந்த வரியை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: அவளுக்குக் காதலைத் தவிர ஒரு வேலை

2015இல் வந்த 'தம் லகா கே ஹைஷா' என்ற இந்திப் படத்தை இதற்காகவே பாருங்கள். ஹரித்வாரில் கேசட் கடை வைத்திருக்கும் ஒருவனுக்குப் பருமனான சந்தியாவைக் கட்டிவைக்கிறார்கள். அவள் பி.எட். படித்தவள், ஆசிரியை வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் கனவு. நண்பர்கள் முன்னால் கணவன் அவமானப்படுத்தியதும் அவனை அறைந்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். அவள் போவதற்கு ஓர் இடம் இருப்பதால்தான் அவள் திரும்பி வருவதற்கு மதிப்பு.

என் மல்லிகாவுக்கு வானொலியில் அறிவிப்பாளர் ஆக வேண்டும். குரல் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். இதற்கு ஒன்றரைப் பக்கம் போதும்.

படி 3: உடம்பை ஒளித்துவைக்காதீர்கள்

முதல் இரண்டு பிரதிகள் விழுந்தது இந்தக் குழியில்தான்.

குரல் மட்டும் கேட்கும், ஆளைக் காட்டவே மாட்டோம், பத்தாவது நிமிடத்தில் கதவு திறக்கும், அங்கே மல்லிகா நிற்பாள் என்று எழுதியிருந்தேன். நல்ல திருப்பம் என்று நினைத்தேன். யோசித்துப் பாருங்கள், அந்தக் கதவு திறக்கும் நொடியில் பார்ப்பவர்கள் எதைக் கண்டு அதிர வேண்டும்? ஒரு பெண்ணின் உடம்பைக் கண்டு. அப்படி அதிரவைத்துவிட்டு அடுத்த இரண்டு நிமிடத்தில் 'தோற்றம் முக்கியம் இல்லை' என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இதே சிக்கல் பெரிய படத்திலும் உண்டு. 2001இல் வந்த 'ஷாலோ ஹால்' என்ற அமெரிக்கப் படத்தில் நாயகனை ஒருவர் மனவசியம் செய்துவிடுவார். அதன்பிறகு ஆட்களின் உள்ளழகுதான் அவன் கண்ணுக்குத் தெரியும். பருமனான நாயகி அவனுக்கு ஒல்லியாகத் தெரிவாள். அவன் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம் என்பதால் படத்தின் பெரும்பகுதியில் திரையில் இருப்பது ஒல்லியான க்வினத் பால்ட்ரோதான். அவளுடைய அசல் உடம்பு அவ்வப்போதுதான் வரும், அதுவும் முகம் தெரியும் இடங்களில் அவர் பஞ்சு வைத்த உடை போட்டு நடித்தது. ஆனால் நாற்காலி மட்டும் அவள் பாரத்தில் உடையும். உடம்பைத் தாண்டிப் பார்க்கச் சொல்லும் படம் அந்த உடம்பை நமக்குக் காட்டாமலே வைத்திருக்கிறது.

அந்தப் படத்திலேயே நான் மறக்காத காட்சி ஒன்றும் இருக்கிறது. மருத்துவமனையில் நாயகன் ஹால் ஒரு சின்னப் பெண்ணோடு விளையாடியிருப்பான். வசியம் கலைந்தபிறகு அங்கே திரும்பிப் போகும்போது அவள் முகத்திலிருக்கும் தீக்காயம் முதல்முறையாக அவனுக்கும் நமக்கும் தெரியும். ஒரு கணம் திகைத்து, அவளை அடையாளம் கண்டு, வாரித் தூக்கிக்கொள்வான். உபதேசம் இல்லாமலே அந்தக் காட்சி வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே அவன் நிஜமாகவே பார்க்கிறான்.

நான்காவது பிரதியின் முதல் ஷாட்டே மல்லிகாதான். மைக் முன்னால் உட்கார்ந்து, காணாமல்போன எருமையின் அடையாளங்களை உண்மையான துக்கத்தோடு படிக்கிறாள். பார்ப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், முருகேசனுக்கு மட்டும் தெரியாது. மாடி ஏறி வந்து அவளிடமே, "மல்லிகா மேடம் இருக்காங்களா?" என்று கேட்கிறான். அவள் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டு, குரலை மாற்றி, "வெளிய போயிருக்காங்க" என்கிறாள். இந்த ஒரு பொய்யில் நகைச்சுவையும் வலியும் சேர்ந்தே கிடைத்தன. அதன்பிறகு மேஜைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணோடு டீ குடித்துக்கொண்டே 'மல்லிகா மேட'த்துக்காக ஏங்குகிறான். அவளுக்கு அவளே போட்டி.

பார்ப்பவர்களிடம் மறைக்காதீர்கள், பாத்திரத்திடம் மறையுங்கள். இந்தப் படியில் நான் சொல்ல விரும்புவது அவ்வளவுதான்.

படி 4: மூன்று பேனா

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பிரதியை நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து படித்தோம். மல்லிகா ஏறியதும் ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்வது, நாற்காலி முனகுவது, பரோட்டாக் கணக்கு என்று எல்லாம் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகாவாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த தோழி மட்டும் சிரிக்காமல் தன் வசனங்களைப் படித்து முடித்தாள். கீழே இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "அண்ணா, இந்த ஆட்டோ சாயுற ஜோக்கை நான் ஆறாவது படிக்கும்போதிருந்து கேட்டுட்டிருக்கேன்."

அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காலையில் மூன்று பேனா வாங்கினேன்.

உடம்பைப் பார்த்துச் சிரிக்கும் இடமெல்லாம் சிவப்பு. ஒருவரின் அசட்டுத்தனத்தையோ சூழ்நிலையையோ பார்த்துச் சிரிக்கும் இடம் நீலம். அவளே நம்மைச் சிரிக்கவைக்கும் இடம் பச்சை. எண்ணிப் பார்த்தால் சிவப்பு 14, நீலம் 5, பச்சை ஒன்றே ஒன்று. காதல் கதை என்று நினைத்து நான் எழுதியிருந்தது இதைத்தான்.

சிவப்பைப் பூஜ்யம் ஆக்க வேண்டியதில்லை. ஊரில் அப்படிப் பேசுகிறார்கள், அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும். ஆனால் ஒவ்வொரு சிவப்புக்கும் அடுத்த வரி பச்சையாக இருக்க வேண்டும், அல்லது அதைச் சொன்னவருக்கு ஏதாவது நஷ்டம் வர வேண்டும். இறுதிப் பிரதியில் சிவப்பு இரண்டுதான், இரண்டும் கல்யாணத் தரகருடையது. அவருடைய விளம்பரத்தைப் பதிவு செய்ய மல்லிகா மறுத்துவிடுகிறாள்.

பச்சையை எங்கிருந்து எடுப்பது? இதற்கு எனக்கு ஆசான் ஒரு பழைய பிரெஞ்சு நாடகம். எட்மண்ட் ரோஸ்தானின் 'சிரானோ', 1897இல் பாரிஸில் மேடையேறியது. பெரிய மூக்குக்காரன் சிரானோவிடம் ஒருவன் வந்து, உன் மூக்கு ரொம்பப் பெரிது என்கிறான். இவ்வளவுதானா என்று சிரானோ கேட்டுவிட்டு, அதே கேலியைச் சண்டைக்காரன் சொன்னால் எப்படி, நண்பன் சொன்னால் எப்படி, வர்ணனைக்காரன் சொன்னால் எப்படி என்று அவனே விதவிதமாகச் சொல்லிக் காட்டுகிறான். 1987இல் இதை 'ரோக்ஸான்' என்ற காதல் நகைச்சுவையாக எடுத்தபோது, திரைக்கதையும் எழுதி நடித்த ஸ்டீவ் மார்ட்டின் இந்தக் கட்டத்தை மதுக்கடையில் நடப்பதாக அமைத்தார். கூட்டம் சிரிப்பது மூக்கைப் பார்த்தா? அவனுடைய மூளையைப் பார்த்து. கேலியின் கடிவாளம் அவன் கையில் இருக்கிறது.

இதை நகலெடுக்காதீர்கள், உத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முருகேசன் அவளைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்யவைக்கச் சாக்கு தேடுகிறான். "தள்ளுபடியில 'ள்' கொஞ்சம் கம்மியா இருக்குங்க" என்று துண்டுச்சீட்டு அனுப்புகிறான். பதிலுக்கு அவள் 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லைப் பத்து விதமாகப் பதிவு செய்து அனுப்புகிறாள்: தாலாட்டாக, செய்தி அறிக்கையாக, சாமியாடியாக, கடன் கேட்டு வந்தவனை விரட்டும் கிழவியாக. படத்தில் பெரிய சிரிப்பு இங்கேதான் வந்தது. கடைசியில் அவள் யார் என்று அவன் கண்டுபிடிப்பதும் இந்தச் சொல்லால்தான். டீக்கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் அவள் 'தள்ளுபடி' என்கிறாள், அவன் கையில் இருக்கும் டம்ளர் அப்படியே நிற்கிறது.

படி 5: முடிவு

அவள் இளைக்கக் கூடாது. புதுப் பட்டுப்புடவை கட்டி மெதுவாக நடந்து வரக் கூடாது. 'உடம்பு முக்கியமில்லை, மனசுதான் தங்கம்' என்ற வசனம் எந்த வடிவத்திலும் வரக் கூடாது, ஏனென்றால் அது உடம்பைக் குறையாகவே வைத்துக்கொண்டு மன்னிக்கிறது. அவன் அவளைப் பார்க்க வேண்டும், ஆசையோடு பார்க்க வேண்டும். என் கடைசிக் காட்சியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பதிவு செய்கிறாள். 'ழ'கரம் வரும்போது அவள் கன்னம் அசைவதை அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவ்வளவு நாள் கேட்ட ஒலி எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

மன்னிப்புக் கேட்பது மூன்று வரிக்குள். முடிவெடுப்பது அவள்.

படி 6: தட்டச்சு

பணம் கட்டி வாங்கும் மென்பொருள் முதல் படத்துக்கு வேண்டாம். நான் ஃபவுண்டன் (Fountain) என்ற, திரைக்கதைக்கான குறியீட்டு முறையில் எழுதுகிறேன். வெறும் எழுத்துக் கோப்புதான், செல்பேசியிலும் எழுதலாம். தமிழில் ஒரு சிக்கல்: பாத்திரப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துத்தான் அது அடையாளம் காணும். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் பெயருக்கு முன் @ குறியும், காட்சித் தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும் போடுங்கள். திரைக்கதைக்கு வழக்கமான கூரியர் எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாக இருக்கிறது.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு இதனால் தமிழில் ஒத்துவராது. என் 12 நிமிடப் படம் 19 பக்கம் வந்தது. கடிகாரம் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பதுதான் ஒரே வழி.

படி 7: படப்பிடிப்புக் குறிப்பு

பஞ்சு வைத்து நடிக்கவைக்காதீர்கள், அந்த உடம்புள்ளவரையே நடிக்கவையுங்கள். உடையை அவருக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுங்கள். கேமரா அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். அவர் நடந்து வரும்போது டொம் டொம் என்று இசை போட ஒலிப்பதிவாளர் கட்டாயம் கேட்பார். முடியாது என்று சொல்லுங்கள்.

சேர்க்கை, இரண்டு வாரம் கழித்து: இதைப் படித்துவிட்டுப் படம் எடுக்கத் தொடங்கிய ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். அவர் கதை நிறத்தைப் பற்றியது. செல்பேசியில் எடுத்துப் பார்த்தால் கறுப்பான நாயகி வெளுப்பாக, தோல் மழமழவென்று தெரிகிறாளாம். கேமரா அமைப்பில் 'பியூட்டி' என்று ஒன்று இருக்கும், சில போன்களில் அது நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். வீடியோவுக்கும் தனியாக இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். தொகுக்கும் செயலியிலும் ஒருமுறை பாருங்கள்.

அவருக்கே அடுத்த சிக்கல்: அதை அணைத்ததும் முகம் இருட்டடித்துவிட்டது. வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கவைத்தால் கேமரா சுவருக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பவுடர் போடாதீர்கள். செல்பேசித் திரையில் தெரியும் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். சுவரில் நீலமோ பச்சையோ ஒரு சேலையைத் தொங்கவிடுங்கள், பக்கவாட்டில் வெள்ளைத் தெர்மகோல் அட்டை ஒன்றைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்புங்கள். நேற்று அவர் அனுப்பிய ஷாட்டில் அந்தப் பெண்ணின் கண் எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா! படம் முடிந்ததும் இணைப்பை இங்கேயே போடுகிறேன்.