"பெரியவ அப்பவே உட்கார்ந்தாளே!"

குறைமாதக் குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கு மூத்ததோடு ஒப்பிடுவதுதான் முதல் வேலை. "பெரியவ ஆறு மாசத்துல உட்கார்ந்தாளே, இவன் இன்னும் உட்காரலையா?" என்பார்கள். சரி, வயதுக் கணக்கைத் திருத்துங்கள். முழுக் கர்ப்பகாலமான 40 வாரத்துக்கு எத்தனை வாரம் முன்பே பிறந்ததோ, அதை வயதிலிருந்து கழியுங்கள். 32 வாரத்தில் பிறந்தவனுக்கு இப்போது 6 மாதம் என்றால், வளர்ச்சிக் கணக்கில் ஏறக்குறைய 4 மாதம்தான். 2 வயது வரை இப்படித்தான். தடுப்பூசிக்கு மட்டும் பொதுவாகப் பிறந்த தேதிதான் கணக்கு.

எடையையும் அக்காவின் பழைய அட்டையோடு ஒப்பிடாமல், இவன் அட்டையில் போன மாதப் புள்ளியோடு பாருங்கள். கோடு ஏறாமல் படுத்துவிட்டாலோ, பால் குடித்து முடிப்பதற்குள் சோர்ந்துபோனாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.