கல்லூரித் தலைவர் பதவியை நாடும் லத்தீனோ கல்வியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். கல்லூரித் தலைவர்களிலோ அவர்கள் சுமார் 6 விழுக்காடுதான். தலைவர் தேர்வுக் குழுக்களில் அமர்ந்து வருபவன் என்ற முறையில், எங்கள் தலைமுறையினர் இடறிய இடங்களிலேயே இளைய நிர்வாகிகளும் இடறுவதைப் பார்க்கிறேன். விண்ணப்பப் பிழை, நேர்காணல் தாமதம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

நிதிப் பொறுப்பில்லாத பதவிகளிலேயே உயர்வது

பன்முகத்தன்மை அலுவலகம், மாணவர் சேர்க்கை, சமூகத் தொடர்பு என்று பதவிகள் அடுத்தடுத்து வருகின்றன. பெயர்ப்பலகையில் துணைத் தலைவர் என்றும் இருக்கிறது. ஆனால் ஒரு துறையின் வரவுசெலவுத் திட்டத்துக்குக்கூட அந்த நிர்வாகி பொறுப்பேற்றதில்லை.

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கான முதற்சுற்று நேர்காணல், அன்றைய வழக்கப்படி, விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் நடந்தது. வந்தவர் பண்ணைத் தொழிலாளர்களின் மகன். மாணவர் இடைநிற்றலைக் குறைத்துக் காட்டியவர். “ஆண்டின் நடுவே அரசு நிதியைக் குறைத்தால் எந்தச் செலவை முதலில் நிறுத்துவீர்கள், எதில் கைவைக்க மாட்டீர்கள்?” என்று அறங்காவலர் ஒருவர் கேட்டார். அவர் தம் பெற்றோரின் உழைப்பைப் பற்றி உருக்கமாகப் பேசினாரே தவிர, கேள்விக்கு விடை வரவில்லை. அடுத்த சுற்றுக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவ்வளவு திறமையுள்ளவரிடம் எந்த நிறுவனமும் கணக்கேட்டை ஒப்படைக்கவில்லை, அவரும் கேட்டு வாங்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

தோமஸ் ரிவேராவும் புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைதான். 1979-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துக்கு வேந்தராவதற்கு (அங்கே வளாகத்தின் தலைவருக்கு அதுதான் பதவிப்பெயர்) முன், அவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தில் நிர்வாகத் துணைத் தலைவராக இருந்தார். 1961-இல் கியூபாவிலிருந்து வந்த எதுவார்தோ பத்ரோன், மயாமி டேட் கல்லூரியில் படித்து, அங்கேயே பொருளியல் கற்பித்து, வுல்ஃப்சன் வளாகத்துக்குத் தலைமை தாங்கிய பிறகே 1995-இல் முழுக் கல்லூரிக்கும் தலைவரானார்.

ஆகவே புதிய பதவி தேடி வரும்போது, எத்தனை பேர் உங்களுக்குக் கீழே பணிபுரிவார்கள், எவ்வளவு நிதி உங்கள் கையொப்பத்தில் செலவாகும், தலைவரின் ஆலோசனைக் குழுவில் உங்களுக்கு இடமுண்டா என்று கேளுங்கள். விடை மழுப்பலாக இருந்தால், சம்பளம் கூடினாலும் அந்தப் பதவி வேண்டாம்.

பேராசிரியர் பணியை அவசரமாக விடுவது

நிரந்தரப் பணியுரிமை கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

சமுதாயக் கல்லூரியோடு பாதை முடியும் என்று எண்ணுவது

ஃபெலிக்ஸ் மாதோஸ் ரோட்ரிகஸ், ஈராண்டுப் படிப்புகளைத் தரும் ஹோஸ்தோஸ் சமுதாயக் கல்லூரியின் தலைமையிலிருந்து குவீன்ஸ் கல்லூரிக்குச் சென்று, 2019-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார்.

லத்தீனோ மாணவர் மிகுந்த கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பிப்பது

வானியற்பியலாளர் ஃபிரான்ஸ் கோர்டோவா, லத்தீனோ மாணவர் மிகுதியாக இல்லாத, இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்துக்கே 2007-இல் தலைவரானார்.

ஆள்தேர்வு நிறுவனங்களின் அழைப்பை அலட்சியம் செய்வது

வேண்டாத பதவியானாலும் பதில் சொல்லுங்கள்.

மகிழ்ச்சியில் உடனே ஒப்புக்கொள்வது

கடந்த சில ஆண்டுகளின் தணிக்கை அறிக்கைகளையும் தர அங்கீகார அமைப்பின் கடைசிக் கடிதத்தையும் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். தலைவர் பதவி முடிந்தபின் பேராசிரியராகத் திரும்பும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகத் தந்த உறுதி அறங்காவலர் குழு மாறியதும் செல்லாது.