எண்பதுகளின் பாப் பாடல்களுக்கு வினாடி வினா தயாரிப்பது எப்படி?

எண்பதுகளின் ஆங்கிலப் பாப் பாடல்களை வைத்து வினாடி வினா நடத்த முற்படுபவர்களில் பலர், ‘இதைப் பாடியவர் யார்?’ என்ற கேள்வியில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். தெரியாதவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். விடை தெரியாதவரும் யோசித்து எட்டிப்பிடிக்கும்படி ஒரு நூலிழையைக் கேள்விக்குள்ளேயே விட்டுவைப்பதுதான் தயாரிப்பவரின் முதல் வேலை.

எடுத்துக்காட்டாக, ‘எம்டிவியில் முதலில் ஒளிபரப்பான பாடல் எது?’ என்று மொட்டையாகக் கேட்க வேண்டாம். ‘1981 ஆகஸ்ட் 1 அன்று நள்ளிரவு 12.01க்கு அமெரிக்காவில் தொடங்கிய இசைச் சேனல், வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்று தலைப்பிலேயே அறிவிக்கும் பாடலை முதலில் போட்டது, அது எது?’ என்று கேட்டால், அதைப் பாடிய பகிள்ஸ் குழுவை அறியாதவர்கூட ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ என்று வந்து சேர்வார். ஆனால் ஓர் எச்சரிக்கை: அந்தப் பாடல் வெளியானது 1979இல். ஆகவே ‘எண்பதுகளில் வெளியான பாடல்கள்’ என்று சுற்றுக்குப் பெயர் வைத்திருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது. ‘எண்பதுகளின் தொலைக்காட்சி’ என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஆண்டும் தரவரிசையும் வரும் இடங்களில் இன்னும் கவனம் தேவை. ஒரு குடியிருப்பு விழாவில், ஆ-ஹா குழுவின் ‘டேக் ஆன் மீ’ எந்த ஆண்டுப் பாடல் என்று நான் கேட்டேன். ஓர் அணி 1984 என்றது. மற்றது 1985 என்றது. இரண்டுமே சரி என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. 1984இல் வந்த முதல் பதிவு எடுபடாமல் போக, மறுபடி பதிவுசெய்து 1985இல் வெளியிட்ட வடிவமே உலகம் அறிந்தது. அதிலும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அந்தப் பாடல் பிரிட்டனில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. எனவே எந்தப் பதிவு, எந்த நாட்டுத் தரவரிசை என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். மைக்கேல் ஜாக்சன், முன்னே நடப்பதுபோலவே பின்னோக்கி வழுக்கிச் செல்லும் மூன்வாக் நடனத்தை முதன்முதலில் மேடையில் ஆடிய நிகழ்ச்சியும் இப்படித்தான்: 1983 மார்ச் 25 அன்று பதிவானது, மே 16 அன்று ஒளிபரப்பானது. எந்தத் தேதியைக் கேட்கிறோம் என்று சொல்லாவிட்டால் சண்டை நிச்சயம்.

‘முதலில் பாடியவர்’ என்ற சொல்லும் பொல்லாதது. சாஃப்ட் செல் 1981இல் புகழாக்கிய ‘டெயின்டட் லவ்’ 1964இலேயே குளோரியா ஜோன்ஸ் பதிவுசெய்த பாடல். யூபி40 பாடிய ‘ரெட் ரெட் வைன்’ நீல் டயமண்டினுடையது.

வீடியோ சுற்றுக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் அந்தப் பத்தாண்டுகளின் ருசியே அதில்தான் இருக்கிறது. ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, பாடகரின் முகம் தெளிவாகத் தெரியாத பதினைந்து நொடிகளை மட்டும் போட்டுக் காட்டுங்கள். ‘டேக் ஆன் மீ’ வீடியோவில் உணவகத்தில் தனியே படக்கதை படித்துக்கொண்டிருக்கும் பெண்ணை நோக்கி, அந்தப் படக்கதைத் தாளிலிருந்து பென்சிலால் வரைந்த கை ஒன்று எழுந்து வருமே, அங்கே நிறுத்துங்கள். கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சிழுக்கும். நடிகர்களைப் படமெடுத்து, அந்தப் படச்சட்டங்களின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் வரையும் ரோட்டாஸ்கோப்பிங் முறையில் உருவான காட்சி அது.

நம் வாசகர்களுக்கு அருகிலுள்ள கேள்வி ஒன்றும் கைவசம் உண்டு. ட்யூரன் ட்யூரன் குழுவின் ‘சேவ் எ பிரேயர்’ வீடியோவில், ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த சிகிரியாக் குன்றும் பொலன்னறுவையின் புத்தர் சிலைகளும் வருகின்றன. ‘ஹங்ரி லைக் த வுல்ஃப்’ வீடியோவும் 1982இல் இலங்கையிலேயே எடுக்கப்பட்டது. பாடலைக் கேட்காமல் இடத்தைக் கேளுங்கள். பாப் இசையே பிடிக்காத, ஆனால் சிகிரியாவில் மூச்சிரைக்கப் படியேறிய பெரியவர் ஒருவர் அணியைக் காப்பாற்றிவிடுவார்.

இணைப்புக் கேள்விகளுக்கு இயக்குநர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘பில்லி ஜீன்’, ‘டேக் ஆன் மீ’, ‘மனி ஃபார் நத்திங்’ மூன்றையும் இயக்கியவர் ஸ்டீவ் பேரன். எம்டிவியின் முதல் வீடியோவையும் இலங்கையில் எடுத்த அந்த இரண்டையும் இயக்கியவர் ரஸ்ஸல் மல்கஹி. இதைக் கடைசிக்கு முந்தைய கேள்வியாக வைத்தால், முன்பு கேட்டவற்றை நினைவில் வைத்திருக்கும் அணிக்கு அதற்கான பலன் கிடைக்கும்.

வீடியோத் துண்டுகளை முன்கூட்டியே கணினியில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நின்று இணையத்தில் தேடினால், கோப்பின் பெயரே விடையைத் திரையில் காட்டிவிடும்.

இரண்டு அணிகள் சமநிலையில் முடிந்தால், எண்ணை ஊகிக்கும் கேள்வி ஒன்றை மடித்து வைத்திருங்கள். ஒலிவியா நியூட்டன்-ஜான் பாடிய ‘ஃபிசிக்கல்’ 1981 நவம்பரில் தொடங்கி அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் எத்தனை வாரங்கள் முதலிடத்தில் நின்றது என்று கேட்டு, இரு அணிகளையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். விடை பத்து, அதற்கு அருகில் எழுதிய அணிக்கே கோப்பை.