முதுகு நேரானது, தோள் ஏன் ஏறியது? ஸ்கோலியோசிஸ் அறுவையில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

அறுவை முடிந்து ஐந்தாவது வாரம். பதினான்கு வயதுப் பெண்ணை அம்மா பயிற்சிக்கு அழைத்து வந்திருந்தார். கைப்பேசியில் இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினார். முதல் படத்தில் வலது தோள் ஏறியிருந்தது. இரண்டாவதில் இடது. “சார், தவறாக நினைக்க வேண்டாம். டாக்டர் பக்கம் மாற்றிச் செய்துவிட்டாரோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டா சரியாமல் இருக்க வலது தோளில் இரண்டு ஊக்குகள்.

பக்கம் மாறவில்லை. பிசியோதெரபி அறையில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பத்துக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் தெரிய வருகிறது. சொல்லியிருக்கலாம், பதற்றத்தில் காதில் விழாமலும் போயிருக்கலாம்.

பருவ வயதில் காரணம் பிடிபடாமல் வரும் முதுகெலும்பு வளைவை நாம் சுலபமாகக் கூன் என்று சொல்லிவிடுகிறோம். கூன் முன்பக்கம் வளைவது. ஸ்கோலியோசிஸ் பக்கவாட்டில் வளைந்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கியும் கொள்வது. எக்ஸ்ரேயில் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் இந்தப் பெயர். 45, 50 டிகிரியை எட்டும்போதுதான் அறுவைப் பேச்சு வரும். முள்ளெலும்புகளில் திருகுகளை இறக்கி, இருபுறமும் கம்பி பொருத்தி, வளைவை நிமிர்த்தி, எலும்புத் துண்டுகளை வைத்து அந்தப் பகுதி ஒரே எலும்பாக ஒட்டும்படி செய்வார்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நெஞ்சுப் பகுதியின் பெரிய வளைவு வலப்பக்கம் புடைத்திருக்கும். அது வலது தோளை மேலே தள்ளும். அதற்கு மேலே, கழுத்தின் அடியில், இடப்பக்கமாக ஒரு சின்ன வளைவும் பலருக்கு இருக்கும். அது இடது தோளைத் தூக்கப் பார்க்கும். பெரியதன் பலத்தில் சின்னது வெளியே தெரியாது. பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் எழுந்து போன பிறகுதான் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தது தெரிவதுபோல, பெரிய வளைவை நிமிர்த்தியதும் மேலிருக்கும் சின்ன வளைவு தன் வேலையைக் காட்டுகிறது. இடது தோள் ஏறுகிறது. அந்த அம்மாவின் இரண்டாவது படத்தில் இருந்தது இதுதான்.

இங்கிருந்து பார்த்தால் முதல் தவறு விளங்கும். “எத்தனை டிகிரி நிமிர்த்தினார்கள்?” என்ற கேள்வி. பரீட்சை மதிப்பெண்போல இதைக் கேட்டு, தெரிந்தவர் பிள்ளையோடு ஒப்பிட்டு, பத்து டிகிரி மிச்சமிருந்தால் வேலை அரைகுறை என்று முடிவுகட்டுகிறோம். மேல் வளைவு விறைப்பாக இருக்கும் பிள்ளைக்குக் கீழ் வளைவை மட்டும் முழுக்க நிமிர்த்தினால் இடது தோள் இன்னும் ஏறும். அதனால் அறுவை மருத்துவர் சில டிகிரியை வேண்டுமென்றே விட்டுவைப்பதுண்டு. என்னைக் கேட்டால், அந்த மிச்சம்தான் பல நேரங்களில் கை தேர்ந்தவரின் அடையாளம். 1950-களில் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற அறுவை மருத்துவர் உருவாக்கிய கம்பி, மேலும் கீழும் கொக்கி மாட்டி இழுத்து நிமிர்த்தியது. அதால் ஓர் அளவுக்குத்தான் முடியும். இன்றைய திருகுகளின் பிடி மிகப் பலமானது. எவ்வளவு நிமிர்த்த முடியும் என்பதோடு, எவ்வளவில் நிறுத்த வேண்டும் என்பதும் இப்போது பெரிய கேள்வியாகிவிட்டது.

இரண்டாவது தவறு, அறுவைக்கு முன்பு எந்தத் தோள் ஏறியிருந்தது என்பதைக் கவனிக்காமலே கையெழுத்துப் போடுவது. வலப்பக்க நெஞ்சு வளைவுள்ள பிள்ளைக்கு வலது தோள் ஏறியிருந்தால் கவலை குறைவு. பெரிய வளைவு நிமிரும்போது அது தானாக இறங்கும். திருகுகளை மார்பு முள்ளெலும்புகளில், மேலிருந்து எண்ணினால், நான்காவது அல்லது ஐந்தாவதோடு நிறுத்துவது வழக்கம். இரண்டு தோளும் சமமாக இருந்தால் மூன்றாவது வரை போவார்கள். அறுவைக்கு முன்பே இடது தோள் ஏறியிருந்தால் இரண்டாவது வரை. இது பொதுவான கணக்குத்தான், சட்டம் இல்லை. இரண்டாவது வரை திருகு போட்டும், அந்த மேல் வளைவைச் சரியாக நிமிர்த்தாமல் விட்டால் தோள் சாய்ந்தபடியேதான் நிற்கும்.

இந்த வளைவுகளை வகைபிரிக்க 2001-இல் வெளியான லெங்கே வகைப்பாடு இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. பிள்ளையைப் பக்கவாட்டில் வளையச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கும்போதும் மேல் வளைவு 25 டிகிரிக்குக் குறையவில்லை என்றால், அதைத் தனி வளைவாகக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: மேல் வளைவு வளைந்து கொடுக்கிறதா, எந்த எலும்பு வரை போகப் போகிறீர்கள், ஏன்? இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம். நல்லவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் கோடு போட்டே காட்டுவார்.

“தோள் கண்டிப்பாகச் சமமாகும்” என்ற உத்தரவாதத்தை மட்டும் கேட்காதீர்கள். அறுவை மேசையில் பிள்ளை குப்புறப் படுத்திருக்கிறாள், கைகள் முன்னால் மடங்கியிருக்கின்றன, மேலே துணி மூடியிருக்கிறது. நிற்கும்போது தோள் எப்படி உட்காரும் என்பதை அங்கே கண்ணால் பார்க்க வழியே இல்லை. முதல் மார்பு முள்ளெலும்பு சாய்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்து ஊகிக்கிறார்கள். ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. சில நேரம் பலிப்பதில்லை.

அடுத்தது சொல் குழப்பம். தோள் என்று நாம் சொல்வது ஓர் இடத்தை அல்ல. பெற்றோர் பார்ப்பது பெரும்பாலும் கழுத்தடியை: கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் சதை இடப்பக்கம் புடைத்துத் தெரியும், சட்டையின் கழுத்து ஒரு பக்கம் ஏறி நிற்கும். டாக்டர் அளப்பது பெரும்பாலும் தோள் முனையை, அல்லது இரண்டு காறை எலும்புகளும் கிடைக்கோட்டோடு ஆகும் கோணத்தை. முனை சமமாக இருந்தும் கழுத்தடி புடைத்திருக்கலாம். மருத்துவர் “சமமாக இருக்கிறது” என்பார், அம்மா “கண் முன்னால் தெரிகிறதே” என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஆகவே வார்த்தையில் சொல்லாமல் விரலை வைத்துக் காட்டுங்கள். முதுகில் விலாப்பக்கம் மேடாக இருப்பது மூன்றாவது விஷயம். அது முறுக்கலின் மிச்சம், தோள் சமநிலையோடு அதைக் கலக்க வேண்டாம்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். நின்ற நிலை எக்ஸ்ரேயில் இரு தோள்களின் உயர வேறுபாடு 1 செ.மீ.க்குள் இருந்தால் சமம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 1 முதல் 2 வரை லேசானது, 2 முதல் 3 வரை நடுத்தரம், 3-ஐத் தாண்டினால்தான் கணிசமானது. முதுகில் எந்தக் கோளாறும் இல்லாத பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தாலும் கச்சிதமாகச் சமமான தோள் அபூர்வம். உங்கள் தையல்காரரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அவசரத் தீர்ப்பு. முதல் சில வாரங்களில் பிள்ளைக்கு வலி இருக்கும், தசைகள் விறைத்திருக்கும், நிற்பதே புதுப் பழக்கமாக இருக்கும். மூளை பல ஆண்டுகளாக “இதுதான் நேர்” என்று பழகிய நிலையை ஒரே நாளில் மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடி முன் நேராக நிற்பவள், தான் சாய்ந்து நிற்பதாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஒட்டப்படாமல் விட்ட கீழ் முதுகும் இடுப்பும் மெதுவாகப் புதிய நிலைக்குத் தக்கபடி அமைகின்றன. ஏறிய தோள் அடுத்த மாதங்களில் இறங்கி வருவது பலருக்கு நடக்கிறது. இரண்டு ஆண்டு வரைகூட மாற்றம் இருக்கும். தோளுக்காக மட்டும் மறு அறுவை என்ற பேச்சை அதற்கு முன் எடுப்பவர்கள் குறைவு.

அதுவரை படம் எடுக்காமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி. மாதம் ஒருமுறை போதும். வெறுங்கால், இரண்டு காலிலும் சம எடை, கை இயல்பாகத் தொங்க வேண்டும், தலைமுடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். ஒரே சுவர் முன், டைல்ஸ் கோடு பின்னால் தெரியும்படி, கைப்பேசியை முதுகின் நடு உயரத்தில் நேராகப் பிடித்து எடுங்கள். அந்த அம்மாவின் இரண்டாவது படத்தில் மகள் கட்டிலில் ஒரு கையை ஊன்றியிருந்தாள். அதை நான் காட்டியபோதுதான் அவரே கவனித்தார். ஒரு கால் குட்டையாக இருந்தாலும் இடுப்பு சாய்ந்து தோள் வேறுபாடு தெரியும். குட்டையான காலுக்குக் கீழே பலகை வைத்து நிற்க வைத்தால் முதுகின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும்.

வீட்டில் நடப்பது இன்னொன்று. “நேராக நில், தோளை இறக்கு” என்று பார்ப்பவர் எல்லாம் சொல்வார்கள். பிள்ளை என்ன செய்வாள்? ஒட்டிய எலும்பை அசைக்க முடியாது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தோ இடுப்பை நகர்த்தியோ தோளை இறக்கிக் காட்டுவாள். சொன்னவருக்குத் திருப்தி, கழுத்துக்கு மாலையில் வலி. தோள்பட்டையைச் சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்தவும், நடையையும் நிற்கும் பழக்கத்தையும் சீராக்கவும் எங்கள் பயிற்சி உதவும். கம்பி போட்ட பகுதியின் வடிவத்தை எந்தப் பயிற்சியும் மாற்றாது. மாற்றும் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நீவிவிடுவது, முதுகைச் சொடுக்கெடுப்பது இரண்டும் கூடவே கூடாது. பை விஷயத்தில் ஒரு சமாதானம்: ஒரு தோளில் பை மாட்டியதால் இந்த வளைவு வரவில்லை. பையின் மேல் பழி போடவும் வேண்டாம், பிள்ளையின் மேலும் வேண்டாம்.

பிள்ளையைக் கேட்பதையும் மறந்துவிடுகிறோம். அறுவைக்குப் பின் நோயாளிகளிடம் தரும் எஸ்ஆர்எஸ்-22 என்ற 22 கேள்விகளில், வலியோடு தன் தோற்றத்தைப் பற்றி அவர்களே என்ன நினைக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. எக்ஸ்ரே அளவும் அந்தப் பதிலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அன்று வந்த பெண்ணைத் தனியாகக் கேட்டேன். தோளைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. சீருடை பெல்ட் இப்போது நேராக உட்காருகிறது என்பதுதான் அவள் முதலில் சொன்னது. ஊக்குகள் அம்மாவுடைய ஏற்பாடு.

காய்ச்சல், தையலிலிருந்து கசிவு, காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், முதுகில் திடீர் வலி இருந்தால் அன்றே அறுவை செய்த இடத்துக்குப் போக வேண்டும். தோள் சாய்வு குறையாமல் மாதத்துக்கு மாதம் கூடினாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசித் தவறு எதிர்ப்புறமிருந்து வருவது. தோள் சமமாகிவிட்டது, இனி எதற்கு ஆஸ்பத்திரி என்று நின்றுவிடுவது. தோள் எப்படிச் சமமாயிற்று என்பதும் முக்கியம். சில பிள்ளைகளுக்கு, ஏறிய தோளை ஈடுகட்ட உடம்பு கீழே வளைந்து கொடுக்கிறது. கம்பி முடியும் இடத்துக்குக் கீழுள்ள எலும்புகளும் வளைவோடு சேர்ந்துகொள்ளும். வளர்ச்சி இன்னும் மிச்சமுள்ள பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தோள் அழகாக இறங்கியிருக்கும். கீழே நடப்பது நின்ற நிலையில் எடுக்கும் முழு நீள எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஓராண்டு, இரண்டாண்டு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தேதிகள் அந்தப் படத்துக்காகத்தான்.