போர்க்கதை நெஜமா கப்சாவா? செக் பண்றப்ப எல்லாரும் சறுக்குற இடங்கள்

நெப்போலியன் படையில இருந்த மார்போவோட நினைவுக் குறிப்புகளைப் படிச்சவங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. ஒரு கட்சிக்கு அத்தனையும் வேதவாக்கு, இன்னொரு கட்சிக்கு முழுசும் கப்சா. மொத தப்பே இதுதாங்க. ஆளுக்கு மார்க் போடக்கூடாது, அவர் சொல்ற ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியா போடணும்.

1807 பிப்ரவரி 8, பிரெஞ்சுப் படையும் ரஷ்யப் படையும் மோதின ஐலாவ் சண்டையை எடுத்துக்குங்க. பனியில 14வது ரெஜிமென்ட் ஒரு மேட்டுல சிக்கிக்கிச்சு, அதுக்கு ஆர்டர் கொண்டு போன ரெண்டு பேர் திரும்பலை, மூணாவதா மார்போ போறார், பீரங்கி குண்டு தொப்பியில பட்டு மூக்கு காதுலல்லாம் ரத்தம் வருது, அப்ப அவரோட குதிரை லிசெட் ஒரு ரஷ்யக்காரனோட மூஞ்சியையே கடிச்சுப் பிச்சு எடுத்துடுது. படிக்க சினிமா மாதிரி இருக்கும். ஆனா இதை அப்படியே ஒரே கதையா வச்சு செக் பண்ணினா ஒண்ணும் தேறாது, பிரிச்சுப் போடணும். ரெஜிமென்ட் அங்க நாசமானது நடந்த விஷயம், அதுக்கு மார்போவே தேவையில்ல. 1805லேர்ந்து 1815 வரைக்கும் செத்த, காயம்பட்ட பிரெஞ்சு ஆபீசர்களை ரெஜிமென்ட் வாரியா, சண்டை வாரியா மார்டினியன்ங்கறவர் தொகுத்து வச்சிருக்கார், அதுல 14வதைப் பாக்கலாம். மார்போ மார்ஷல் ஓஜெரோகிட்ட உதவி ஆபீசரா இருந்ததும் சரி. குதிரை கடிச்சது? அதுக்கு சாட்சி அவர் மட்டும்தான். அதை "பொய்"னும் எழுதக்கூடாது "உண்மை"னும் எழுதக்கூடாது, "அவர் சொல்றார்"னு விட்டுடணும். நம்ப முடியலைங்கறதும் நடக்கலைங்கறதும் வேற வேற.

அடுத்தது, அரசாங்க காகிதம்னாலே உண்மைன்னு நினைக்கிறது. இதுல சறுக்குறவங்கதான் ஜாஸ்தி. 1805 டிசம்பர் 2 ஆஸ்டர்லிட்ஸ்ல சாட்சன் ஏரியோட ஐஸ் உடைஞ்சு ஆயிரக்கணக்கான ரஷ்யர்கள் முழுகினதைப் பாத்தோம்னு மார்போ எழுதறார். செக் பண்ணப் போனா நெப்போலியனோட அதிகாரபூர்வ புல்லட்டின்ல, அதாவது போர் அறிக்கையில, 20,000 பேர்னு இருக்கு, அடடா ரெண்டு சோர்ஸ் ஒத்துப்போகுதேன்னு சந்தோஷப்பட்டா அவ்ளோதான். "புல்லட்டின் மாதிரி புளுகறான்"னு அந்தக் காலத்து பிரான்ஸ்லயே சொல்வாங்க. அப்புறம் அந்த ஏரித் தண்ணியை வடிச்சுப் பாத்தப்ப கெடைச்சது குதிரைங்களும் பீரங்கிகளும்தான், மனுஷ உடல் விரல் விட்டு எண்ணுற அளவுதான். புல்லட்டினைப் பத்துப் பேர் படிச்சு, பத்துப் பேரும் நினைவுக் குறிப்பு எழுதினா அது பத்து சாட்சி இல்ல, ஒரே சாட்சி. ஊர்ல ஒரே வதந்தியை பத்து வீட்டுல கேட்ட மாதிரி. ஆனா இதே ஏரியில மறுநாள் ஐஸ் கட்டி மேல மாட்டியிருந்த ஒரு காயம்பட்ட ரஷ்ய சார்ஜென்ட்டை நீந்திப்போய் காப்பாத்தினேன்னும் மார்போ சொல்றார், இதை மேல சொன்ன எண்ணிக்கை பொய்ங்கறதுக்காக சேத்து அடிச்சிடக்கூடாது.

எப்ப எழுதினாங்க, யாருக்காக எழுதினாங்கன்னு பாக்காம விடறதும் தப்பு. மார்போ செத்தது 1854, புக் வந்தது 1891, எழுதினதும் சண்டை முடிஞ்சு பல வருஷம் கழிச்சு, தன் பிள்ளைங்களுக்காக. நடுவுல அடுத்தவங்க எழுதினதை எல்லாம் படிச்சிருப்பார், எது தன் ஞாபகம் எது படிச்சதுன்னு அவருக்கே கலந்திருக்கும். போதாக்குறைக்கு நெப்போலியன் தன் உயில்ல மார்போவுக்கு 1,00,000 ஃபிராங்க் எழுதி வச்சு, பிரெஞ்சுப் படையோட பெருமையைக் காப்பாத்தி தொடர்ந்து எழுதச் சொன்னார். இது தெரிஞ்சப்புறம் அவரோட வெற்றிக் கதைகளை இன்னும் கொஞ்சம் உத்துத்தான் படிக்கணும்.

எதிர்ப்பக்கம் ஓடறவங்களும் இருக்காங்க. ஒரு சின்ன தப்பு கிடைச்சா மொத்தமும் ஃபேக்குன்னு சொல்லிடறது. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் படையில கிழக்கு முனையில இருந்ததா எழுதின கி சஜேர், க்ரோஸ்டாய்ச்லாண்ட் டிவிஷனோட பேர் போட்ட பட்டை இடது கையில இருந்துச்சுன்னு எழுதிட்டார். அது வலது கையில. இதை வச்சே ஆளு அங்க இருந்திருக்கவே மாட்டார்னு ஒரு பெரிய சண்டை ஓடிச்சு. இருபது வருஷம் கழிச்சு எழுதறவனுக்கு கை மாறிப்போறதுல ஆச்சரியமில்ல, அதை சந்தேகத்துக்கு ஒரு காரணமா வச்சுக்கலாம், தீர்ப்பா வச்சுக்க முடியாது. தேதி, ஊர், யூனிட் எங்க நின்னுச்சுங்கறது மாதிரி கனமான விஷயங்களை மொதல்ல பாக்கணும். ஆள் பேரை லிஸ்ட்ல தேடறதுக்கு முன்னாடி எந்தப் பேர்ல தேடறோம்னும் பாத்துக்கணும், ஏன்னா சஜேர்ங்கறது அம்மா வழிப் பேர், அவரோட நெஜப் பேர் கி முமினூ.