வீட்டில் பன்றி விலாக்கறிக்குப் புகை போடுவது: பதம் பார்த்து இறக்குவது எப்படி?

விலாக்கறி எத்தனை மணி நேரம் வேக வேண்டும்? புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சுமார் 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பி இறக்காதீர்கள். கறியின் தடிமன், காற்று, கரியின் சூடு எல்லாமே நாளுக்கு நாள் மாறும்.

முதலில் சவ்வு. எலும்புப் பக்கத்தைத் திருப்பினால் பளபளவென்று ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் அது மெத்தென்று ஆகாது. மசாலாவையும் உள்ளே விடாது. ஓரத்து எலும்பின் மேல் ஸ்பூன் காம்பை அதன் அடியில் நுழைத்து நெம்புங்கள். விரல் போகும் அளவுக்கு எழும்பியதும் டிஷ்யூ பேப்பரால் பிடித்து மெதுவாக இழுங்கள். வெறுங்கையில் வழுக்கும். நடுவில் கிழிந்தால் பக்கத்து எலும்பிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

அப்புறம் உப்பு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள், பூண்டுத்தூள், கொஞ்சம் சர்க்கரை கலந்து இரண்டு பக்கமும் தூவித் தடவுங்கள்.

அடுத்தது நெருப்பு. இந்த வேலை திறந்த வெளியில்தான். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும். வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ வேண்டவே வேண்டாம். மூடி உள்ள சாதாரண கிரில் போதும். கனிந்த கரியை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மறுபக்கம் கம்பிக்குக் கீழே ஒரு தட்டில் தண்ணீர், அதற்கு நேர் மேலே கறி, எலும்புப் பக்கம் கீழாக. மூடியின் காற்றுத் துளை கறிக்கு மேலே இருக்கட்டும். அப்போதுதான் புகை கறியைத் தாண்டிப் போகும்.

கரியின் மேல் ஆப்பிள், செர்ரி போன்ற பழமரத்தின் நன்கு காய்ந்த கட்டை இரண்டு மூன்று வையுங்கள். பைன் மாதிரி பிசின் மரங்கள் கூடாது. வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும் புகை கறியைக் கசக்க வைக்கும். அது அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இளநீலப் புகை வந்த பிறகே கறியை வையுங்கள். என்னைக் கேட்டால், ருசியில் பாதி இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

கம்பி மட்டத்தில் சூடு 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். கூடினால் கீழ்த்துளையைக் கொஞ்சம் மூடுங்கள், குறைந்தால் திறங்கள். அடிக்கடி மூடியைத் தூக்கினால் சூடு போய்விடும்.

கறியின் உள்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் போனதும் ஏறாமல் நின்றுவிடலாம். பயப்படாதீர்கள். கறியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிரவைக்கிறது, நமக்கு வியர்ப்பது போலத்தான். காத்திருக்கலாம்; அவசரமென்றால் அலுமினிய ஃபாயிலில் இறுக்கிச் சுற்றலாம்.

சரி, இனி பதம். பன்றிக்கறி 63 டிகிரியைத் தொட்டு 3 நிமிடம் இருந்தாலே சாப்பிடப் பாதுகாப்பானது. ஆனால் விலாக்கறி அந்த நிலையில் ரப்பராக இழுக்கும். அதிலுள்ள கொலாஜன் என்ற கெட்டியான நார்ப்பொருள் கரைந்து மெத்தென்ற ஜெலட்டினாக மாற 90 முதல் 96 டிகிரி வரை போக வேண்டும். தெர்மாமீட்டர் முனை எலும்பில் படாமல் குத்துங்கள்; பட்டால் தப்பான எண் காட்டும்.

எலும்புகளுக்கு நடுவே அவ்வளவாக இடம் இல்லாததால் நான் அதிகம் நம்புவது வளைத்துப் பார்ப்பதைத்தான். இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். விறைப்பாக நின்றால் வேகவில்லை. நன்றாக வளைந்து, மேல்பரப்பு லேசாக வெடித்துப் பிளந்தால் பதம் சரி. எலும்பு நுனிகளில் கறி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கி ஏறியிருக்கும். பல்குச்சி தடையில்லாமல் இறங்கும். தூக்கும்போதே எலும்பு கழன்று விழுந்தால் கூடுதலாக வெந்துவிட்டது. கடித்த இடத்தில் மட்டும் கறி எலும்பைச் சுத்தமாக விட்டு வருவதுதான் நல்ல பதம்.

வெட்டும்போது ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியலாம். அது புகையால் வந்த நிறம், பச்சைக்கறி அல்ல.

சாஸ் தடவுவதென்றால் கடைசி 20, 30 நிமிடத்தில் மட்டும். முன்பே தடவினால் சர்க்கரை கருகும். இறக்கியதும் 10 நிமிடம் விட்டு, எலும்புப் பக்கத்தை மேலே திருப்பி வைத்து வெட்டுங்கள். கத்தி எங்கே இறங்க வேண்டும் என்று தெளிவாகத் தெரியும்.